சிறு வெற்றிடக் குழாய் கித்தார் மிகைப்பிகளின் ஒலிப்பண்பு

சிறு வெற்றிடக் குழாய் கித்தார் மிகைப்பி என்பது மின்கித்தாரின் மெல்லிய மின்குறிப்பை வெற்றிடக் குழாய்களின் உதவியால் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அளிக்கும் கருவியாகும். வெளியீட்டுத் திறன் ஏறத்தாழ 20 வாட்டுக்கு உட்பட்டவையே பொதுவாகச் "சிறு" மிகைப்பிகள் எனப்படுகின்றன. வெற்றிடக் குழாயைத் தமிழ்நாட்டு வானொலி, ஒலிபெருக்கித் தொழிலில் "வால்வு" என்றும், அதனால் இயங்கும் மிகைப்பியை "வால்வு செட்" என்றும் வழங்குவர். பேச்சு வழக்கில் ஒலிபெருக்கி என்னும் சொல் மிகைப்பி, ஒலிவாங்கி, கூம்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துக் குறிப்பதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல் ஒலியெழுப்பும் கூம்பை மட்டுமே குறிக்கும்.

பாட்டைக் கேட்பதற்கான மிகைப்பி உள்ளதை உள்ளவாறே பெருக்கினால் போதும். கித்தார் மிகைப்பியோ இசைக்கருவியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றது. அது ஒலியில் செய்யும் மாற்றமே, அதாவது உருத்திரிபே, இங்கு வேண்டப்படும் பண்பாகும். ஆகவே இரு சிறு மிகைப்பிகளை ஒப்பிடுவது பெரும்பாலும் இரு வகை உருத்திரிபுகளை ஒப்பிடுவதாகும்.

அமைப்பு

எளிய மிகைப்பி ஒன்றில் முன்மிகைப்புக் கட்டம், வெளியீட்டுக் கட்டம், வெளியீட்டு மின்மாற்றி, மின்வழங்கி, ஒலிபெருக்கி என ஐந்து பகுதிகள் உள்ளன. முன்மிகைப்புக்குப் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 (ஐரோப்பியப் பெயர் ஈசிசி83) என்னும் இரட்டை மும்முனையக் குழாய் பயன்படுகின்றது. இதன் மிகைப்புக் காரணி 100 ஆகும். வெளியீட்டுக் கட்டத்தில் 6வி6 என்னும் அமெரிக்கக் குழாயோ, ஈஎல்84 என்னும் ஐரோப்பியக் குழாயோ அமைவது வழக்கம். குழாயின் உயர் மின்னழுத்தத்தை ஒலிபெருக்கியின் தாழ்ந்த மின்தடைக்குப் பொருத்துவதே வெளியீட்டு மின்மாற்றியின் வேலை.

வரலாற்றில் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் சிறு மிகைப்பிகள் சில உள்ளன. ஃபெண்டர் நிறுவனத்தின் சாம்ப் 1950களின் பிற்பகுதியில் 5எஃப்1 என்னும் சுற்றமைப்பைப் பெற்றது. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஓர் அலைதிருத்திக் குழாய், 8 அங்குல ஒலிபெருக்கி, ஒரே ஒரு திருகு ஆகியவையே அதன் உள்ளடக்கம். அத்திருகு ஒலியளவுக்கானது. திறன் ஏறத்தாழ 5 வாட்டு. பயிற்சி பெறும் மாணவருக்கென விற்கப்பட்ட இப்பெட்டியைப் பின்னாளில் பெருங்கலைஞர்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படுத்தினர். டெரெக் அண்ட் த டாமினோசு குழுவின் 1970 ஆம் ஆண்டு "லைலா" இசைத்தொகுப்பில் எரிக் கிளாப்டன் பயன்படுத்தியதாகக் கூறப்படுவது இதற்குப் பெயர்பெற்ற சான்று. இங்கிலாந்தில் டிக் டென்னி வடிவமைத்த வாக்சு ஏசி15 (இரண்டு ஈஎல்84), அதன் இளைய உடன்பிறப்பான ஏசி4 (ஒரு ஈஎல்84), 1960களின் நடுப்பகுதியில் வந்த மார்சலின் 18 வாட்டு மிகைப்பி (இரண்டு ஈஎல்84) ஆகியவை மறுகரையைச் சேர்ந்தவை. இன்று விற்கப்படும் சிறு மிகைப்பிகளுள் பெரும்பாலானவை இவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழித்தோன்றல்களே.

உருத்திரிபும் சீரிசைகளும்

மின்குறிப்பு குழாயின் எல்லையைத் தொடும்போது அலையின் முகடுகள் தட்டையாகின்றன. தட்டையான அலையில் முதன்மைச் சுரத்துடன் அதன் முழு எண் மடங்குகளான சீரிசைகள் சேருகின்றன. கித்தாரின் தடித்த ஆறாவது தந்தி 82.4 ஏர்ட்சு அதிர்வெண் உடையது. அதைச் சட்சமமாகக் கொண்டால் இரண்டாம் சீரிசை (164.8 ஏர்ட்சு) மேல் சட்சமம், மூன்றாவது (247.2) அதற்கு மேலுள்ள பஞ்சமம், நான்காவது மீண்டும் சட்சமம், ஐந்தாவது (412) அந்தர காந்தாரம் ஆகும். தம்புராவின் ஒற்றைத் தந்தியில் காந்தாரம் தானே ஒலிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஏழாவது சீரிசை எந்தச் சுரத்தானத்திலும் சரியாக அமைவதில்லை. எனவே உயர் சீரிசைகள் மிகும்போது ஒலி கரகரப்பாகின்றது. முகடு மெல்ல வளைந்தால் தாழ் சீரிசைகளும், சட்டென வெட்டுண்டால் உயர் சீரிசைகளும் மிகும்.

ஒரே நேரத்தில் பல சுரங்களை மீட்டினால் இன்னொரு விளைவும் சேருகின்றது. இரு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. சட்சமமும் பஞ்சமமும் 2:3 என்னும் விகிதத்தில் இருப்பதால், அவற்றின் வேறுபாடான 1 கீழ்ச் சட்சமமாகவும், கூடுதலான 5 காந்தாரமாகவும் அமைந்து இயைந்து ஒலிக்கின்றன. சிக்கலான சுரக்கூட்டுகளிலோ இவை இயைவதில்லை. ஒலி சேறாகக் கலங்குகின்றது. ராக் இசையில் வெறும் ச-ப இணையை உருத்திரிபுடன் இசைக்கும் பழக்கத்திற்கு அடிப்படை இதுவே.

உருத்திரிபின் மற்றொரு பயன் ஒலியின் நீட்சி ஆகும். முகடு எல்லைக்குட்பட்டு நிற்க, தேயும் பகுதி முழு அளவில் பெருக்கப்படுவதால், தந்தியின் ஒலி மெதுவாகவே தேய்வதாகக் காது உணர்கின்றது. கமகத்தை முதன்மையாகக் கொண்ட கருநாடக இசைக்கு நீட்சி இன்றியமையாதது. சென்னையில் சுகுமார் பிரசாத்தும், பின்னர் பிரசன்னாவும் மின்கித்தாரையும், உ. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினையும் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தபோது, மின்மிகைப்பே அக்கருவிகளுக்கு வீணையை ஒத்த நீண்ட நாதத்தை அளித்தது. ஆயினும் கமகத்தின் நுண்மை தெளிவாகக் கேட்க உருத்திரிபு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை.

ஒற்றைக்குழாய் வெளியீடும் இரட்டைக்குழாய் வெளியீடும்

5 வாட்டு வகை மிகைப்பிகளில் வெளியீட்டுக் குழாய் ஒன்றே. அலையின் இரு பாதிகளையும் அதுவே கையாளுகின்றது. இரு பாதிகளும் சமமாக வளைவதில்லை. ஆகவே இரட்டைப்படைச் சீரிசைகள், சிறப்பாக இரண்டாவது, தோன்றுகின்றன. 12 முதல் 18 வாட்டு வகைகளில் இரு குழாய்கள் எதிரெதிராக, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்க, இயங்குகின்றன. இவ்வமைப்பில் வெளியீட்டுக் கட்டத்தில் பிறக்கும் இரட்டைப்படைச் சீரிசைகள் மின்மாற்றியில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. ஒற்றைப்படைச் சீரிசைகள் எஞ்சுகின்றன.

இதிலிருந்து, இரட்டைக்குழாய் மிகைப்பியில் இரட்டைப்படைச் சீரிசைகளே இரா என்று சில நூல்களும் விற்பனை விளம்பரங்களும் கூறுவது பிழையாகும். முன்மிகைப்புக் கட்டத்தில் தோன்றிய சீரிசைகள் வெளியீட்டுக் கட்டத்திற்குச் சாதாரண மின்குறிப்பாகவே வந்து சேருகின்றன. அவை நீங்குவதில்லை. "தூய ஏ வகுப்பு" என்னும் விளம்பரச் சொல்லும் இத்தகையதே. ஒற்றைக்குழாய் வெளியீடு உடைய கித்தார் மிகைப்பிகள் அனைத்தும் ஏ வகுப்பில்தான் இயங்க முடியும்; அது தரச்சான்று அன்று. இவ்வகுப்பின் திறமை 50 விழுக்காட்டை எட்டாது. 12 வாட்டு வெப்பத்தைத் தாங்கும் குழாயிலிருந்து 5 வாட்டு ஒலித்திறன் கிடைப்பதன் காரணம் இதுவே.

அலைதிருத்திக் குழாயைப் பற்றியும் மிகையான கருத்துகள் நிலவுகின்றன. பலமாக மீட்டும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, ஒலி சற்று அமுங்கி எழும் உணர்வை இக்குழாய் தருவது உண்மை. ஆனால் அது இரட்டைக்குழாய் மிகைப்பிகளுக்கே பெரிதும் பொருந்தும். ஒற்றைக்குழாய் மிகைப்பி ஓய்விலும் இசையிலும் ஏறத்தாழ ஒரே அளவு சராசரி மின்னோட்டத்தையே எடுக்கின்றது. எனவே சாம்ப் போன்ற மிகைப்பிகளில் அலைதிருத்திக் குழாயால் வரும் அமுக்கம் மிகச் சிறிதே.

6வி6, ஈஎல்84 ஒப்பீடு

6வி6 என்பது 1930களில் அமெரிக்காவில் தோன்றிய கற்றை நான்முனையக் குழாய். எட்டு முள் அடி கொண்டது. ஈஎல்84 என்பது 1950களில் பிலிப்சு நிறுவனம் வெளியிட்ட ஐம்முனையக் குழாய். ஒன்பது முள் கொண்டது, விரல் அளவே தடிமன் உடையது. தயாரிப்பாளர் தரவுகளின்படி, 250 வோல்ட்டு மின்னழுத்தத்தில் 6வி6 ஏறத்தாழ 4.5 வாட்டும், ஈஎல்84 ஏறத்தாழ 5.7 வாட்டும் அளிக்கின்றன. பெரும் வேறுபாடு திறனில் இல்லை, உணர்திறனில் உள்ளது. 6வி6 குழாயின் கடத்துமை ஒரு வோல்ட்டுக்கு 4.1 மில்லி ஆம்பியர். ஈஎல்84 குழாயினுடையது 11.3 மில்லி ஆம்பியர். முன்னதற்குச் சார்பு மின்னழுத்தம் −12.5 வோல்ட்டு, பின்னதற்கு −7.3 வோல்ட்டு மட்டுமே. அதாவது ஈஎல்84 குழாயை அதன் எல்லைக்குத் தள்ள ஏறத்தாழ பாதியளவு மின்குறிப்பே போதும். ஒரே முன்மிகைப்புக் கட்டத்தின் பின் அமைத்தால் ஈஎல்84 மிகைப்பி முன்னதாகவே உருத்திரியத் தொடங்கும்.

கேட்போர் 6வி6 ஒலியை "உருண்டது, இனியது" என்றும், ஈஎல்84 ஒலியை "மணி போன்றது, கூரியது" என்றும் வருணிப்பர். இவ்வருணனையைக் குழாயின் மீது மட்டும் ஏற்றுவது சரியன்று. 6வி6 குழாயைக் கையாண்ட ஃபெண்டர் சாம்ப், ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மின்தடையம் வழியாக முன்கட்டத்திற்கு எதிர்ப் பின்னூட்டம் அளித்தது. பின்னூட்டம் ஒலியைச் சீராக்கி, உச்சத் தொனிகளை அடக்கி, உருத்திரிபைத் தாமதப்படுத்தும். எல்லை வந்ததும் உருத்திரிபு சட்டெனத் தோன்றும். ஈஎல்84 குழாயைக் கையாண்ட வாக்சு ஏசி15 பின்னூட்டம் அற்றது. அங்கே உருத்திரிபு படிப்படியாக ஏறும், மேல் தொனிகள் விடுதலை பெற்று ஒலிக்கும். ஆகவே "அமெரிக்க ஒலி", "ஆங்கில ஒலி" என்று பிரித்துப் பேசப்படுவதில் பெரும்பங்கு சுற்றமைப்பின் வேறுபாடே எனலாம். ஃபெண்டரின் டீலக்சு 5ஈ3 மிகைப்பியே இதற்குச் சான்று. அதில் 6வி6 குழாய்கள் உள்ளன, பின்னூட்டம் இல்லை. அது கரடுமுரடாக ஒலிப்பதாகவே புகழ்பெற்றது.

தொனிக் கட்டுப்பாட்டுச் சுற்றும் இவ்வாறே. 1960களின் ஃபெண்டர் மிகைப்பிகளில் உள்ள உச்ச, தாழ் தொனித் திருகுகள் இடைத் தொனியைக் குழிவாக்குகின்றன. திருகே இல்லாத பழைய சாம்ப்பில் இடைத் தொனி முழுமையாக வருகின்றது.

ஒலிபெருக்கியும் பெட்டியும்

குழாய்களைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்கு ஒலிபெருக்கியைப் பற்றி எழுதப்படுவதில்லை. எனினும் ஒலிப்பண்பில் கேட்டவுடன் புலப்படும் மாற்றத்தைத் தருவது ஒலிபெருக்கியே. 8 அங்குலக் கூம்பு தாழ் தொனியைப் போதிய அளவு எழுப்பாது. அதன் திறந்த முதுகுடைய சிறு பெட்டியில் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று நீக்குவதால் தாழ் தொனி மேலும் குறையும். சாம்ப்பின் "பெட்டி ஒலி" எனப்படுவது இதனால் வருவது. அதே மிகைப்பியின் வெளியீட்டைப் பொருத்தமான மின்தடையுள்ள 12 அங்குல ஒலிபெருக்கியுடன் இணைத்தால் அதே கருவிதானா என ஐயுறும்படி ஒலி மாறும்.

உணர்திறனும் இங்கு முக்கியமானது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 93 டெசிபல் தரும் ஒலிபெருக்கிக்கு 5 வாட்டு அளித்தால் 100 டெசிபல் கிடைக்கும். 99 டெசிபல் உணர்திறன் உடையதற்கு அதே 5 வாட்டு 106 டெசிபலைத் தரும். இதே உயர்வை மிகைப்பியின் வழியாகப் பெற 20 வாட்டு தேவைப்படும். மனிதச் செவிக்கு ஒலி இரட்டிப்பாகத் தோன்றப் பத்து மடங்கு திறன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அவ்வாறாயின் 50 வாட்டு மிகைப்பி 5 வாட்டு மிகைப்பியைப் போல் இரு மடங்கு உரத்தே ஒலிக்கும், பத்து மடங்கு அன்று.

வீட்டில் பயில்வோருக்கு "5 வாட்டுதானே" என்னும் எண்ணம் ஏமாற்றம் தருவது இதனாலேயே. இந்தியாவின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாகக் கொண்டுள்ளன. ஆவடி மாநகராட்சிக்குட்பட்ட பருத்திப்பட்டு போன்ற, அடுக்கு வீடுகள் நெருங்கிய புறநகர்ப் பகுதியில் 5 வாட்டு மிகைப்பியை அதன் இனிய எல்லைக்குத் தள்ளினால் சுவருக்கு அப்பாலும் கேட்கும். ஒரு வாட்டுக்கும் குறைந்த மிகைப்பிகளும், வெளியீட்டிற்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வைக்கும் திறன் குறைப்பிகளும் இக்காரணத்தால் உருவானவை. ஆயினும் மெல்லிய ஒலியில் செவி தாழ் தொனிகளைக் குறைவாகவே உணர்வதால், குறைப்பியின் வழி வரும் ஒலி மெலிந்ததாகவே தோன்றும்.

ஒப்பிடும் முறை

இரு மிகைப்பிகளுள் சற்று உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்தது என்று செவி முடிவு செய்துவிடும். ஒரு டெசிபல் வேறுபாடே இதற்குப் போதும். எனவே ஒலியளவைக் கருவி கொண்டு அளந்து சமப்படுத்தாத ஒப்பீடு பயனற்றது. அடுத்ததாக, இரு மிகைப்பிகளையும் ஒரே ஒலிபெருக்கியில் கேட்டால் மட்டுமே சுற்றமைப்பின் வேறுபாடு விளங்கும்; அவரவர் பெட்டியில் கேட்டால் முழுக்கருவியின் வேறுபாடு விளங்கும். இரண்டும் நியாயமான கேள்விகளே, ஆனால் ஒன்றல்ல.

ஒருவர் இருமுறை ஒரே வகையாக மீட்ட இயலாது. ஆகையால் கித்தாரின் நேரடி மின்குறிப்பைப் பதிவு செய்து, அப்பதிவையே இரு மிகைப்பிகளுக்கும் அனுப்புதல் நல்ல முறை. கேட்பவர் எது எதுவென்று அறியாதிருத்தல் வேண்டும். பத்து முறை கேட்டு ஒன்பது அல்லது பத்து முறை சரியாகக் கூறினால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றே. ஆறு முறை சரியாகக் கூறுவது எதையும் நிறுவாது. விரலுக்குக் கருவி எவ்வாறு இணங்குகின்றது என்பது மட்டும் இம்முறையில் அகப்படாது. மீட்டுபவர்கள் பெரிதும் மதிப்பது அதனையே என்பதையும் கூற வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

பெங்களூரின் ஜாலஹள்ளியில் 1954 இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்சு நிறுவனம் 1961 இல் வானொலி ஏற்பிக் குழாய்களின் தயாரிப்பைத் தொடங்கியது. பிலிப்சு மரபைச் சேர்ந்த அக்குழாய்களுள் ஈசிசி83, ஈஎல்84 ஆகியவையும் அடங்கும். இவை தமிழகத்து வீட்டு வானொலிகளிலும், திருமணம், கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் ஆகியவற்றுக்கான வாடகை "மைக் செட்"டுகளிலும் உழைக்கப் பிறந்தவை. கித்தாரை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. திரிதடையத்தின் வருகையால் அத்தேவை மறைந்தது, தயாரிப்பும் நின்றது. பயன்படுத்தப்படாது எஞ்சிய இந்தியக் குழாய்களை மேலைநாட்டுக் கித்தார் கலைஞர்கள் தேடி வாங்கலாயினர். இன்று கித்தார் மிகைப்பிகளுக்கான குழாய்கள் பெரும்பாலும் உருசியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன. 2022 இல் உருசியாவிலிருந்து ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் விலை உயர்ந்தது.

பழைய மைக் செட் மிகைப்பியில் கித்தாரை இணைத்துப் பார்ப்பவர்கள் அதன் ஒலி வறண்டிருப்பதாகக் குறை கூறுவதுண்டு. பேச்சு தெளிவாக நெடுந்தூரம் கேட்கவே அது வடிவமைக்கப்பட்டது. மிகுந்த எதிர்ப் பின்னூட்டம் உடையது. அதன் வெளியீடு பெரும்பாலும் 100 வோல்ட்டு வழித்தடத்திற்கானது. கித்தார் ஒலிபெருக்கிக்குப் பொருத்தமான முனை அதில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க மிகைப்பிகளை இங்கு இயக்குவதில் ஒரு நுட்பச் சிக்கல் உள்ளது. அவை 120 வோல்ட்டு, 60 ஏர்ட்சுக்கு உரியவை. நமது மின்வழங்கல் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியால் அதிர்வெண்ணை மாற்ற இயலாது. 50 ஏர்ட்சில் மின்மாற்றியின் உள்ளகத்தில் காந்தப் பாயம் 20 விழுக்காடு கூடுகின்றது, சிக்கனமாகச் செய்யப்பட்ட மின்மாற்றி சூடேறுகின்றது. இதைத் தவிர்க்க 100 வோல்ட்டு அளித்தால், 6.3 வோல்ட்டு வேண்டிய சூடாக்கி இழைக்கு 5.25 வோல்ட்டே கிடைக்கும். இது ஏற்கத்தக்க 10 விழுக்காட்டு எல்லைக்கும் கீழ். 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சுக்கு உரிய மின்மாற்றியை மாற்றிப் பொருத்துவதே நிலையான தீர்வு.

மின்மாற்றியைக் காயில் கட்டும் பட்டறைகளில் செய்து கொள்ளலாம். வெளியீட்டு மின்மாற்றியைச் செய்விப்பவர்கள் ஒன்றைக் கவனித்தல் நன்று. ஒற்றைக்குழாய் வெளியீட்டில் ஒருதிசை மின்னோட்டம் இடைவிடாது பாய்வதால், "ஸ்டாம்பிங்" எனப்படும் இரும்புத் தகடுகளை ஒரே பக்கமாக அடுக்கி, நடுவே தாள் அளவு காற்று இடைவெளி விடுதல் வேண்டும். வழக்கமான மின்மாற்றிக்குச் செய்வது போல் தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் உள்ளகம் காந்தத் தெவிட்டலை அடைந்து தாழ் தொனி இழக்கப்படும். "வாங்கிய குழாய் சரியில்லை" என்று குறை கூறப்படும் இடங்களில் குற்றம் இங்கே இருப்பதுண்டு.

பாதுகாப்பு

குழாய் மிகைப்பியினுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்னழுத்தம் உள்ளது. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் வடிகட்டு மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உரிய மின்தடையத்தால் அதை வெளியேற்றி, அளவியால் உறுதி செய்த பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் மிகைப்பியை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகும்.

கித்தாரின் தந்திகள் மிகைப்பியின் உலோகச் சட்டத்துடன் இணைந்தவை. சட்டத்திற்கு நில இணைப்பு இல்லையெனில் மீட்டுபவரின் உடலே அவ்விணைப்பாகிவிடும். 1972 இல் வேல்சின் சுவான்சியில் மேடையில் நில இணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்ட கித்தார் கலைஞர் லெசு ஆர்வி மின்சாரம் தாக்கி இறந்தார். இரு முள் செருகியுடன் வந்த பழைய அமெரிக்க மிகைப்பிகளில், மின்கம்பிக்கும் சட்டத்திற்கும் இடையே உள்ள மின்தேக்கியை நீக்கி மூன்று முள் செருகி பொருத்துதல் வேண்டும். வீட்டின் செருகுதளத்தில் நில முனை உண்மையாகவே நிலத்துடன் இணைந்துள்ளதா எனச் சோதிக்கவும் வேண்டும். துளை மட்டும் இருந்து கம்பி இல்லாத வீடுகள் உண்டு.

மின்மாற்றி இல்லாது, குழாய்களின் சூடாக்கிகளைத் தொடராக இணைத்து நேரடியாக மின்வழங்கலில் இயங்கிய "ஏசி/டிசி" வகை வானொலிப் பெட்டிகள் பழைய பொருள் கடைகளில் இன்றும் அகப்படுகின்றன. அவற்றின் சட்டம் மின்கம்பியுடனேயே இணைந்திருக்கும். அவற்றைக் கித்தார் மிகைப்பியாக மாற்றுதல் ஒருபோதும் கூடாது. மின்மாற்றி உடைய வானொலிகளையும் நில இணைப்பு அமைத்த பின்னரே இதற்குப் பயன்படுத்தலாம்.